கிளி மீன் பவளத்தையே தின்று அழிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. மன்னார் வளைகுடாவில் காணப்படும் நீலப்பட்டைக் கிளி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் மீன் மஞ்சள் நிறம். உடலில் குறுக்கே நான்கைந்து ஒழுங்கற்ற நீலப் பட்டைகள். முதிர்ந்த ஆண் பச்சையும் நீலமுமாக இருக்கும், வேறு இனமோ என்று ஏமாற வைக்கும். பெண்ணாக இருந்தது பின்னர் ஆணாக மாறுவதும் உண்டு. குஞ்சுகள் கரையோரப் பாசிப் பரப்பிலும், பெரியவை பாறைச் சரிவிலும் திரியும். நீந்துவது பெரும்பாலும் வாலால் அல்ல; மார்புத் துடுப்பைச் சிறகுபோல் அடித்து.

பற்கள் ஒட்டி இணைந்து அலகாகிவிட்டதால்தான் இந்தப் பெயர். அது சுரண்டுவது பெரும்பாலும் செத்த பவளப் பாறையை. மேய்ந்த இடத்தில் சிறு வெள்ளைக் கீறல்கள் இணையாகத் தெரியும். அது தேடுவது பாசி இழைகளையும் நுண்ணுயிர்களையும். கல் கூடவே வந்துவிடுகிறது. தொண்டையில் உள்ள இரண்டாம் பல்வரிசை அம்மிபோல் அதை அரைக்கும். இரைப்பை கிடையாது என்பதால் இந்த அரைப்பு இல்லாமல் செரிக்காது. மிச்சக் கல் வெண்மணலாக வெளியேறும். மாலத்தீவுக் கடற்கரை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான்.

உயிருள்ள பவளத்தை நிறையக் கடிப்பது நெற்றி புடைத்த பெரிய கிளி மீன், ஒரு மீட்டருக்கு மேல் வளரும். மற்றவற்றை அளவின்றிப் பிடித்தால் பாசி மண்டி, பவளக் குஞ்சுகள் ஒட்ட இடமிருக்காது. வீட்டுத் தொட்டிக்கு எதுவும் சரிப்படாது: சுரண்டப் பாறை போதாமல் மெலிந்துவிடும்.