எச்-4 நீட்டிப்பு: விசா தேதியை விடுங்கள், ஐ-94ஐ எடுங்கள்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 அனுமதி பற்றி உங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன், வந்த கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. நியூஜெர்சியில் பல வருடம் எச்-4இல் இருந்து, வீட்டில் எல்லோருக்கும் பாரம் நிரப்பி நிரப்பியே கற்றுக்கொண்டவள்.

டாலஸிலிருந்து: அக்கா, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் ஊருக்குப் போய் ஸ்டாம்பிங், அதாவது தூதரகத்தில் புது விசா ஒட்டி வாங்குவது, செய்தாக வேண்டுமா?

வேண்டாம் தம்பி. விசா என்பது வாசலில் காட்டுகிற சீட்டு. உள்ளே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது ஐ-94 என்கிற நுழைவுப் பதிவுதான். எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் வந்துவிடும். இங்கேயே நீட்டிப்பு வாங்கியிருந்தால் ஐ-797 அப்ரூவல் தாளின் அடியில் இன்னொரு ஐ-94 இருக்கும். இரண்டில் எது கடைசியாகக் கொடுக்கப்பட்டதோ, பொதுவாக அதுதான் கணக்கு. அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்பி வர ஸ்டாம்பிங் தேவைப்படும், அவ்வளவுதான்.

சான் ஓசேயிலிருந்து: தளத்தில் தேடினால் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது!

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியா? நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இதே கதை. உங்கள் பெயர் விசாவில் சர்நேமாக ஏறி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயருக்கு வந்த மரியாதை! அந்த மூன்றெழுத்தையே முதல் பெயராகப் போட்டுத் தேடுங்கள். வரவில்லையென்றால் பெயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சார்லட்டிலிருந்து: லீவு முடிந்து நாலு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். மகளுக்கு மட்டும் ஐ-94 ஒன்றரை வருடம் முன்னாலேயே முடிகிறது. ஏர்போர்ட்டில் தவறாகப் போட்டுவிட்டார்களா?

அவள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதே தேதியாக இருக்கும். பாஸ்போர்ட் முடிகிற நாளுக்கு மேல் அதிகாரி பொதுவாகக் கொடுப்பதில்லை. சிறுவர்களின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தே வருடம்தான் என்பதால் இது எப்போதும் பிள்ளைகள் தலையில்தான் விடிகிறது.

எங்கள் சின்னவனுக்கும் இதுவே நடந்தது. ஏதோ ஒரு வேலைக்காக நாலு பேருடைய ஐ-94ஐயும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தேன். மூன்று தாளில் ஒரே தேதி, நாலாவதில் வேறு. முடிய இன்னும் 23 நாள். தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது, எனக்குக் கை ஓடவில்லை. மறுநாளே பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து, அந்த ரசீதையும் இணைத்து, தங்கும் காலத்தை நீட்டக் கேட்கும் ஐ-539 பாரத்தைக் கூரியரில் அனுப்பினோம்.

புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் ஐ-94 தானாக நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளாது. ஐ-539 போட வேண்டும், அல்லது வெளியே போய்ப் புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டி நுழைய வேண்டும். எல்லைத் துறையின் உள்ளூர் அலுவலகம் சில ஊர்களில் திருத்திக் கொடுக்கிறது, சில ஊர்களில் கையை விரித்துவிடுகிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இனிமேல் ஊருக்குப் போகுமுன்பே பிள்ளைகள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

சியாட்டிலிலிருந்து: கணவருக்குக் கம்பெனி நீட்டிப்பு போட்டு 15 நாளில் அப்ரூவலும் வந்துவிட்டது. நாங்களும் அதில் சேர்த்திதானே?

இல்லை! கம்பெனி அவருக்குப் போடுவது ஐ-129 என்கிற பாரம். உங்களுக்கு ஐ-539 தனியாகப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அதோடு ஐ-539ஏ என்கிற இணைப்புப் பாரம். கம்பெனி வக்கீல் குடும்பத்துக்கும் போட்டாரா என்று இன்றைக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள். போட்டிருந்தால் நிம்மதி. அவருக்குப் பிரீமியம் என்கிற விரைவுக் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும், எச்-4க்கு அந்த வசதி கிடையாது. ஐ-94 முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியதாக இருக்கட்டும். கோயில் ரசீதும் மண்டபத்து ஆல்பமும் மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு.

அட்லாண்டாவிலிருந்து: எச்-4 வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போட்டிருக்கிறேன். பழைய அட்டை முடிந்தாலும் ரசீதை வைத்து வேலை பார்க்கலாமா?

2025 அக்டோபர் 30 அல்லது அதற்குப் பிறகு போட்டிருந்தால் முடியாது. தானாக நீளும் வழியை அன்றோடு எடுத்துவிட்டார்கள். அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே போடலாம், அந்த முதல் நாளை விடாதீர்கள்.

சிகாகோவிலிருந்து: அம்மாவுக்குப் பத்து வருட விசா இருக்கிறதே, பேரன் பிறந்த பிறகு ஒரு வருடம் எங்களோடு இருக்கட்டுமே?

அதே குழப்பம்தான். பத்து வருடம் என்பது வந்து வந்து போக. ஒவ்வொரு முறையும் இருக்கும் காலம் ஐ-94படி, வழக்கமாக ஆறு மாதம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தக்க காரணம், செலவுக்குப் பணம், திரும்பிப் போகும் உத்தேசம் மூன்றையும் காட்டி ஐ-539 போடலாம். ஆனால் ஒவ்வொரு வருகையிலும் இப்படி நீட்டினால் அடுத்த முறை ஏர்போர்ட்டில் அம்மாவைத்தான் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள்.

ஹூஸ்டனிலிருந்து: பெரியவனுக்கு 20 வயது. கிரீன் கார்டு வரிசை நகர்கிற மாதிரி இல்லை.

21வது பிறந்தநாளோடு எச்-4 முடிந்துவிடும், தாளில் எந்தத் தேதி இருந்தாலும் சரி. கல்லூரியில் படிக்கிறான் என்றால் எஃப்-1 என்கிற மாணவர் அனுமதிக்கு மாற இப்போதே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள். பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர்: என் ஐ-94 இரண்டு மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டதை இன்றுதான் பார்த்தேன். கணவருடையது சரியாக இருக்கிறது.

இதற்கு என்னிடம் கேட்காதீர்கள் அம்மா, நாளைக் காலையிலேயே குடியேற்ற வக்கீலிடம் போங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதமான விண்ணப்பத்தையும் ஏற்க வழியுண்டு, ஆனால் அது அதிகாரியின் விருப்பம். ஐ-94 முடிந்து 180 நாளைத் தாண்டிய பிறகு வெளியே போனால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது, ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஐ-94, பழைய ஐ-797, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இன்றிரவே ஒரு கவரில் எடுத்து வையுங்கள்.