டிரிஸ்டன் தீவுகளுக்குப் பாய்ப்படகில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் அட்லாண்டிக் எரிமலைத் தீவுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நாங்கள் நான்கு பேர். நாற்பது அடிப் பாய்ப்படகில் கேப் டவுனிலிருந்து டிரிஸ்டன் ட குன்யா சென்று, அருகிலுள்ள நைட்டிங்கேல் தீவில் இறங்கி, பென்குயின்களையும் அல்பட்ராஸ்களையும் பார்த்துத் திரும்ப எண்ணியிருக்கிறோம். ஜனவரியில் மூன்று நாள் ஒதுக்கினால் போதுமா? பறவைகளிடம் எவ்வளவு நெருங்கலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று நாள் போதாது. இரண்டு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இறங்க முடியாமல் திரும்ப நேரலாம்.

முதலில் திசை. கேப் டவுனிலிருந்து டிரிஸ்டன் ஏறத்தாழ 2,800 கி.மீ. அந்த அட்சரேகையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், ஆகவே போகும் வழியெல்லாம் எதிர்க்காற்று. தென் அமெரிக்காவின் பிளாட்டா கழிமுகத்திலிருந்து புறப்பட்டால் தூரம் கூடுதல்தான், ஆனால் காற்று முதுகில் இருக்கும். கேப் டவுனைப் பயணத்தின் முடிவாக வையுங்கள்.

அங்கே துறைமுகம் என்று நம்பிப் போக எதுவுமில்லை. 1961 எரிமலை வெடிப்பில் பழைய இறங்குதுறைக் கரைகளை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. பிறகு கட்டிய காள்ஷாட் துறை சிறு படகுகளுக்கானது. நீங்கள் வெளியே திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டும். ஊர் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, நெருங்கும்போது காற்று வடமேற்குக்குத் திரும்பும், அப்போது உங்கள் படகுக்குப் பின்னால் பாறைக்கரை. காற்றழுத்தமானி இறங்கத் தொடங்கியதுமே நங்கூரத்தை எடுத்துவிடுங்கள். குளிர்முகம் கடந்து காற்று தென்மேற்கானதும் 2,062 மீட்டர் மலை மறைப்பு தரும், ஆனால் சரிவிலிருந்து திடீர் வீச்சுகள் இறங்கும், பழைய பேரலையும் உடனே அடங்காது. அது அடங்கியபின் அடுத்த குளிர்முகம் வரும்வரை உள்ள இடைவெளிதான் இறங்குவதற்கான நேரம். படகைக் கையாளத் தெரிந்த ஒருவர் எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும். இருவர் கரையில், இருவர் படகில் என்று முறைவைத்துக்கொள்வது நல்லது.

கரையைச் சுற்றி கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடு. அதற்குள் நங்கூரம் போட்டால் அதன் கொக்கி இலைகளில் சுற்றிக்கொண்டு தரையைக் கவ்வாது. வெளி விளிம்பில் போடுங்கள். பாறையிடுக்கில் மாட்டினால் பின்பக்கமாக இழுத்து விடுவிக்க, நங்கூரத்தின் தலையில் மிதவைக் கயிறு ஒன்று கட்டியிருக்கட்டும். எஞ்சினின் குளிர்நீர்த் துளையையும் கெல்ப் அடைக்கும். குளிர்நீர் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

அனுமதியைத் தீவின் நிர்வாகி வழியாக, தீவு மன்றத்திடம் மாதங்களுக்கு முன்பே எழுதிப் பெற வேண்டும். நைட்டிங்கேலில் டிரிஸ்டன் வழிகாட்டிகள் இல்லாமல் இறங்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு அதுவே முதன்மையானது. பறவைக்கு எத்தனை மீட்டர் அருகே போகலாம் என்பதைவிட, உங்கள் படகு எதைக் கொண்டுபோகிறது என்பதே பெரிய கேள்வி. 1882-இல் உடைந்த ஒரு கப்பலிலிருந்துதான் டிரிஸ்டனில் எலி ஏறியது. நைட்டிங்கேலில் இன்னும் எலி இல்லை. 2011 மார்ச்சில் ஒலிவா என்ற சரக்குக் கப்பல் அங்கே மோதியபோது, எண்ணெயில் நனைந்த சுமார் 3,700 பென்குயின்களைப் பிடித்துக் காப்பாற்ற முயன்றதோடு, எலி கரையேறியிருக்குமோ என்று பொறிகளும் வைக்க வேண்டியிருந்தது. 2006-இல் இழுவைக் கப்பலிடமிருந்து பிரிந்து டிரிஸ்டனில் ஒதுங்கிய எண்ணெய்த் துரப்பண மேடையின் அடிப்பகுதியில் வந்த ஒரு மீனினம் அங்கேயே தங்கிவிட்டது.

ஆகவே வேலை புறப்படும் துறையிலேயே தொடங்குகிறது. படகின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கட்டுக்கயிறுகளில் எலி ஏறாத வட்டத் தகடு மாட்டுங்கள். இரவில் ஏறுபலகையை எடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும், பொருள்களைக் கரையிலேயே வேறு கலங்களுக்கு மாற்றுங்கள். வாசனை மெழுகுக்கட்டிகளைப் படகின் மூலைகளில் வைத்து, பயணம் முழுக்க அவற்றில் எலியின் பல்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடம் தெரிந்தாலும் நைட்டிங்கேலை மறந்துவிடுங்கள். வெல்க்ரோ, காலுறை, பையின் தையல், கேமரா முக்காலியின் கால் இவற்றில் ஒட்டிய விதைகளை ஊசியால் எடுங்கள். காலணியின் மண்ணைத் தேய்த்துக் கழுவியபின் ஒரு லிட்டருக்கு 10 கிராம் விர்கான் என்னும் கிருமிநாசினி கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சேறு ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது. இதை ஒவ்வொரு தீவுக்கும் முன்பு மறுபடி செய்ய வேண்டும்.

நெருக்கம்: குறைந்தது 5 மீட்டர். பாறைதாவிப் பென்குயின் குஞ்சுகள் ஜனவரியில் கடலுக்குக் கிளம்பிவிடும். பிறகு வளர்ந்த பென்குயின்கள் இறகுதிர்க்கக் கரையேறும். புது இறகு முளைக்கும்வரை அவற்றால் நீரில் இறங்க முடியாது, இரையும் கிடையாது. அந்த நேரத்தில் விரட்டி ஓடவைத்தால் சேமித்த கொழுப்பு வீணாகும். மஞ்சள்மூக்கு அல்பட்ராஸ் குஞ்சுகள் மண்மேட்டுக் கூடுகளில் உட்கார்ந்திருக்கும், அவற்றை அமைதியாக நின்று பார்க்கலாம். புல்லுக்கடியில் தரை முழுக்க ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகளின் வளைகள். ஜனவரியில் உள்ளே முட்டையோ பிஞ்சுக் குஞ்சோ இருக்கும், உங்கள் கால் புதைந்தால் கூடு போயிற்று. வழிகாட்டி மிதித்த இடத்திலேயே மிதியுங்கள்.

இரவில் நங்கூர விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னல்களுக்குத் திரை போடுங்கள். மூடுபனி இரவில் வெளிச்சத்தை நோக்கிப் பறந்துவரும் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் படகின் தளத்தில் மோதி விழும், அங்கிருந்து எழும்பத் தெரியாமல் தவிக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் காற்றோட்டமுள்ள உலர்ந்த பெட்டியில் துணி விரித்து வையுங்கள். தண்ணீரோ உணவோ தர வேண்டாம். இறகு காய்ந்தபின் விளக்குகளை அணைத்து, இருட்டிலேயே விடுங்கள். பகலில் விட்டால் ஸ்குவா என்னும் வேட்டைப் பறவைகள் கொன்றுவிடும்.