கேக் நடுவில் குழி விழுந்தால் பவுடரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் நான் செய்யும் எலுமிச்சை லோஃப் கேக் எப்போதும் நன்றாக வரும். மைதா 200 கிராம், வெண்ணெய் 150, சர்க்கரை 180, முட்டை 3, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பால் 60 மில்லி, 2 எலுமிச்சை. கல்யாணமாகி உதகை வந்த பிறகு அதே அளவில் செய்தால், ஓவனில் ஜோராக எழும்பி, வெளியே எடுப்பதற்குள் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. பேக்கிங் சாமான் விற்கும் கடையில் பவுடரை அரை ஸ்பூன் கூட்டச் சொல்லி, ஒரு புது பாக்கெட்டும், மணத்துக்கு 'லெமன் ஆயில்' என்று ஒரு புட்டியும் கொடுத்தார்கள். பவுடரைக் கூட்டியதும் இன்னும் மோசம். ஓவனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓவனை மட்டுமல்ல, வேறு எதையும் வாங்க வேண்டாம். பவுடரைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். கடைக்காரர் சொன்னது நேர் எதிர்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அமுக்கிப் பிடிக்கும் காற்று குறைவு என்பதால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு கீழே உப்புவதைவிட அதிகமாக உப்பும். மாவு வெந்து கெட்டிப்படும் முன்பே கேக் உச்சிக்குப் போய்விடும். தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். போதாததற்கு, தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஈரம் சீக்கிரம் வற்றி, மிச்ச ஈரத்தில் சர்க்கரையின் செறிவு ஏறி, கேக் கெட்டிப்படுவது இன்னும் தள்ளிப்போகும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மறுப்பதும் இந்தக் குறைந்த கொதிநிலையால்தான்.

ஆகவே பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூனுக்குப் பதில் ஒன்றேகால். தலை தட்டி அளக்க வேண்டும், குவியலாக அல்ல. சர்க்கரையை 155 கிராமாகக் குறையுங்கள். பாலை 90 மில்லியாகக் கூட்டுங்கள். ஓவன் 180 என்றால் 190 வையுங்கள். மாவு சீக்கிரம் கெட்டிப்படட்டும். 40 நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள். அப்புறம் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். வெண்ணெயும் முட்டையும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உதகையில் ஜனவரி மாதம் அறைச் சூடு என்றால் ஃபிரிட்ஜ் சூடுதான். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், வெண்ணெயை எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களும் இதையே செய்யலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முட்டை இல்லாத கேக்கில் பேக்கிங் பவுடரோடு, அல்லது அதற்குப் பதிலாக, ஆப்ப சோடாவும் தயிரும் சேர்ப்பார்கள். சோடாவுக்கு இரண்டு வேலை. ஒன்று, வாயு கொடுப்பது. இன்னொன்று, தயிரின், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அடக்குவது. பவுடரைக் குறைக்கும் அதே கணக்கில் சோடாவையும் வெட்டினால் புளிப்பு அடங்காது. கேக் வெளிறியே இருக்கும், மேலே சிவக்காது. எனவே இரண்டும் இருக்கும் குறிப்பில் பவுடரை மட்டும் குறையுங்கள், சோடாவைத் தொடாதீர்கள். சோடா மட்டுமே இருந்தால், 1 டீஸ்பூனுக்கு முக்கால் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். கலந்ததும் உடனே ஓவனுக்குள் போக வேண்டும், ஏனென்றால் புளிப்பு பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் குறிப்பில் சோடா இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஒரு சிட்டிகை சேர்த்துவிடாதீர்கள். எலுமிச்சைச் சுவை மங்கி சோப்பு வாடை வரும்.

சரி, அந்தப் புட்டிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பதறியது இதுதான். நம் ஊரில் சுற்றுலாக்காரர்களுக்கென்று தைலம் விற்கும் கடைகளில் 'லெமன் ஆயில்' என்ற பெயரில் கிடைப்பது பல நேரம் எலுமிச்சம்புல் எண்ணெய். அது எலுமிச்சம்பழமே அல்ல, புல். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறதா? உணவுப் பொருளுக்கு வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இல்லையா? அப்படியானால் அது வாய்க்குப் போகக் கூடாது. அந்தக் கடைகளில் அதே அலமாரியில் மூட்டுவலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். அதில் ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனால் சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்கியதற்குச் சமம். சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, மூட்டுவலிக்கு வந்தவருக்கும் கேக்குக்கு வந்தவருக்கும் ஒரே வாயால் விற்கிறார்கள். யார் கேட்பது? அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் தரை துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விடுங்கள்.

உண்மையான எலுமிச்சை எண்ணெய் நீங்கள் வாங்கிய பழத்தின் மஞ்சள் தோலிலேயே இருக்கிறது. இரண்டு பழத்தின் தோலையும் துருவி, முதலில் சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி மணம் தூக்கும். மஞ்சளோடு நிறுத்த வேண்டும். வெள்ளைப் பகுதி கசக்கும். ஆரஞ்சில் செய்வதானால், பளபளவென்று மெழுகு பூசி வரும் பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத் துருவுங்கள். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கினால் துருவ வசதி.

அந்தப் புது பாக்கெட் சில்லறையாகப் பிரித்துக் கட்டியதா? தேதி இல்லாத பிளாஸ்டிக் பொட்டலமாக இருந்தால் நம்ப வேண்டாம். மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மாதங்களில் பேக்கிங் பவுடர் ஈரம் இழுத்துச் செத்துப் போகும். அரை டீஸ்பூனை வெந்நீரில் போடுங்கள். நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில் கேக் மிக்ஸ் பெட்டியிலேயே 3,500 அடிக்கு மேல் இருப்பவர்களுக்குத் தனி அளவு அச்சடிப்பது பழைய வழக்கம். இங்கே மலையில் விற்கும் பெட்டியில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. நம் யூடியூப் சமையலறைகளோ சமவெளியில் இருக்கின்றன.

கடைசியாக, ஓவனைச் சந்தேகப்பட ஒரே ஒரு காரணம் உண்டு: மின்சாரம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் ஓவன் கம்பி கொடுக்கும் சூடு மூன்றில் இரண்டு பங்குதான். எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் பல்பே மங்கும். புகார் கொடுத்தால் 'குளிர்காலத்தில் எல்லாரும் ஹீட்டர் போடுகிறார்கள்' என்று பதில் வருகிறது. குளிர்காலம் வருஷா வருஷம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதது போல. அதனால் காலை பத்து, பதினொரு மணிக்குச் சுடுங்கள். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 190 டிகிரி என்று திருகிய ஓவன் உள்ளே 160 டிகிரி காட்டினால் திருகியை இன்னும் தள்ளி வையுங்கள். புது ஓவன் வாங்கினாலும் அதே பிளக்கில்தானே மாட்டப் போகிறீர்கள்?