சபைக் குடும்பங்கள் நடத்தும் வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன?

பெற்றோரால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, இறைநம்பிக்கையின் பேரில் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த இன்னொரு குடும்பம் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் இது. சிகாகோவில் 2003-ல் தொடங்கிய ‘சேஃப் ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்’ என்ற திட்டம் நல்ல உதாரணம். அம்மா சிகிச்சையில் இருக்கும்போது, சபைக் குடும்பம் ஒன்று சம்பளம் வாங்காமல் பிள்ளையை ஏற்கிறது. வேறொருவர் அந்த அம்மாவுக்கே துணையாக நிற்கிறார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, ஏன் சபை? உதவிக்கு ஆளில்லாமல்தான் பல குடும்பங்கள் உடைகின்றன. சபையில் ஆட்கள் ஏற்கெனவே கூடியிருக்கிறார்கள். சுவரைப் பழுதுபார்க்கும்வரை கூரைக்கு முட்டுக் கொடுப்போமே, அது மாதிரி. அடுத்த வேளை கிடைக்குமோ என்ற பயத்தில் தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்துவைக்கும் பிள்ளைக்கு, தினமும் அதே நேரத்தில் சாப்பாடு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பயம் தெளியும்.

பலர் இதைத் தத்தெடுப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை: இந்தத் திட்டத்தில் பெற்றோரின் சட்ட உரிமை அவர்களிடமே இருக்கிறது, பிள்ளை வீடு திரும்புவதே நோக்கம்.