படை அனுப்பிய நாட்டுக்கு என்ன மிச்சம்? – கேள்வி-பதில்

ராணுவச் செலவு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: அடுத்தவன் நாட்டில் போய்ப் போர் நடத்தினால், நடத்துகிற நாட்டுக்கு லாபம் உண்டா? திட்டி எழுதியவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றுக்குப் பதில் கீழே.

ஈராக் போருக்கு அமெரிக்கா 80,000 கோடி டாலர் செலவழித்தது என்று ஒருவர் சொல்கிறார். 3 லட்சம் கோடி என்கிறார் இன்னொருவர். எது சரி? – வங்கி ஊழியர், நாகர்கோவில்

இரண்டும் சரிதான். முதலாவது, அமெரிக்க நாடாளுமன்றம் போருக்கென்று ஒதுக்கிய பணம். இரண்டாவது, 2008-ல் பொருளாதார அறிஞர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் போட்ட கணக்கு. காயம்பட்டவர்களின் சிகிச்சை, உதவித்தொகை, கடனுக்கு வட்டி எல்லாம் அதில் அடக்கம். போருக்கு முன்பு, 2002-ல், வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 10,000 முதல் 20,000 கோடி வரை ஆகும் என்று சொன்னார். அதுவே அதிகம் என்று முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பதவியில் இல்லை.

நான் எப்போதும் சொல்வதுதான்: போர்ச் செலவு என்று யாராவது ஒரு தொகையைச் சொன்னால், ஓய்வூதியம் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவரின் மகள் 2020 மே மாதம் வரை மாதம் 73 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஃபாக்லாந்து போரால் பிரிட்டனுக்கு லாபமா? – தக்கலை வாசகர்

1982-ல் அர்ஜென்டினா பிடித்த தீவை மீட்க 74 நாள், 255 பிரிட்டிஷ் உயிர். பிரதமர் தாட்சருக்கு 1983 தேர்தல் கிடைத்தது. நாட்டுக்குத் திரும்பக் கிடைத்தது ஏற்கெனவே கையில் இருந்த தீவு.

எங்கேயாவது போர் வந்தால் ரப்பர் விலை ஏறும் என்று அப்பா சொல்வார். அப்படியானால் போர் நல்லதுதானே? – ரப்பர் விவசாயி, குலசேகரம்

உங்கள் அப்பா சொன்னது கொரியப் போராக இருக்கும். 1950-51-ல் உலகச் சந்தையில் ரப்பர் விலை சில மடங்கு ஏறியது, மலேயா தோட்டங்கள் கொழித்தன. ஜப்பானுக்கு அமெரிக்க ராணுவத்தின் ஆர்டர் குவிந்தது. தள்ளாடிக்கொண்டிருந்த டொயோட்டா, ராணுவத்துக்கு லாரி செய்து கொடுத்துத்தான் எழுந்து நின்றது. ஆனால் பாருங்கள், லாபம் பார்த்தது வேடிக்கை பார்த்தவர்கள். படை அனுப்பியவர் அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர். கேள்வி அவரைப் பற்றியது.

போரால் பொருளாதாரம் வளருமா? – பெயரும் இல்லை, ஊரும் இல்லை

எந்தப் போர்? எந்த நாடு? எந்த ஆண்டு? இப்படிக் கேட்டால் பதில் சொல்ல நான் ஜோசியம் பார்க்க வேண்டும். உங்கள் மனதில் இருப்பது அனேகமாக இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் 1940-ல் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வேலை இல்லை. 1944-ல் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோதான் இல்லை. உண்மை. ஆனால் அங்கே ஆலைகள் பாதி ஓடாமல் கிடந்தன, குண்டு விழுந்ததும் வேறு கண்டத்தில். அதே போரில் வென்ற பிரிட்டன் 1946-ல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பரில். ரேஷன் 1954 வரை நீடித்தது. போர் முடிந்தபோது நமக்கே சுமார் 130 கோடி பவுண்டு பாக்கி வைத்திருந்தார்கள். அடுத்த தடவை ஊர் பெயராவது எழுதுங்கள்.

சார், அமெரிக்கா ஈராக்குக்குப் போனதே எண்ணெய்க்குத்தானே? அவ்வளவு எண்ணெயையும் அள்ளிக்கொண்டு போனவனுக்கு நஷ்டம் என்று எப்படி எழுதுகிறீர்கள்? – குவைத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், குளச்சல்

டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதற்காகப் போனான் என்பது ஒரு கேள்வி, போய் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. முதலாவதைப் பற்றி விடியவிடியப் பேசலாம். இரண்டாவதற்குக் கணக்கு இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

2009-ல் ஈராக் அரசு எண்ணெய் வயல்களை ஏலம் விட்டது. பெரிய வயலான ருமைலா பிரிட்டனின் எண்ணெய்க் கம்பெனியான பிபிக்கும் சீன அரசுக் கம்பெனிக்கும் போயிற்று. எண்ணெய் அவர்களுக்குச் சொந்தமில்லை. கூடுதலாக எடுத்துக் கொடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலி, அவ்வளவுதான். அந்தக் கூலி கட்டாது என்று அமெரிக்காவின் எக்ஸான் அந்த வயலை விட்டு விலகிக்கொண்டது. இன்னொரு பெரிய வயலான மேற்கு குர்னா-2 ரஷ்யாவின் லுக்காயில் தலைமையிலான கூட்டுக்குக் கிடைத்தது. ரஷ்யா அந்தப் போரை எதிர்த்த நாடு! சீனா ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. எக்ஸானுக்குக் கிடைத்தது மேற்கு குர்னா-1. அதிலிருந்தும் அது வெளியேறிவிட்டது, இப்போது அங்கே முன்னிற்பது சீனாவின் பெட்ரோசைனா. எடுத்த எண்ணெயில் பெரும்பங்கு கப்பலேறுவது சீனாவுக்கும் நமக்கும். 2022-ல் ரஷ்ய எண்ணெய் வருவதற்கு முன் சில ஆண்டுகள் நமக்கு அதிகம் எண்ணெய் விற்றது ஈராக்தான். நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஈராக்கின் பஸ்ரா எண்ணெய் எரிந்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

போர் தொடங்கியபோது பீப்பாய் 30 டாலர் பக்கம் இருந்தது. 2008 ஜூலையில் 147. போர் மட்டும் காரணமில்லை, ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர்களில் அமெரிக்க வண்டிக்காரரும் உண்டு. ஈராக்கின் எண்ணெய் வருமானமே சீரமைப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று 2003 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழு முன் பேசினார். பிறகு சீரமைப்புக்கு அமெரிக்கா போட்ட பணம் மட்டும் 6,000 கோடி டாலர்.

அப்போ யாருக்குமே லாபமில்லையா? உண்டே. ராணுவத்துக்குச் சாப்பாடு, கூடாரம், எரிபொருள் கொடுத்த கேபிஆர் கம்பெனிக்கு ஏறக்குறைய 4,000 கோடி டாலர் ஒப்பந்தம். அது அப்போது ஹாலிபர்ட்டனின் கிளை. ஹாலிபர்ட்டனை 1995 முதல் 2000 வரை நடத்தியவர், பிறகு துணை அதிபரான டிக் செனி. வந்தது ஒருவர் மடிசீலைக்கு, போனது இன்னொருவர் மடிசீலையிலிருந்து. திரும்பி வராத 4,500 அமெரிக்கப் பிள்ளைகளின் வீடுகள் இரண்டாவது வகை. இதைக் கூட்டிக் கழிக்காமல் "அமெரிக்காவுக்கு லாபம்" என்று ஒரே சொல்லில் முடிப்பதுதான் எனக்கு ஆகாதது. ஈராக் மக்கள் இழந்ததை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நீங்கள் கேட்டது படை அனுப்பியவனைப் பற்றி.

இன்னொன்று. குவைத்தில் இருந்த உங்களுக்கு 1990 ஆகஸ்ட் 2 மறந்திருக்காது. எண்ணெய்க்காகவே அண்டை நாட்டில் புகுந்தவர் சதாம். ஏழு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக 488 விமானங்களில் சுமார் 1,70,000 இந்தியர்கள் வீடு திரும்பினார்கள். ஈராக் தன் எண்ணெய் வருமானத்திலிருந்து கட்டிய இழப்பீடு 5,240 கோடி டாலர், கடைசித் தவணை 2022 ஜனவரியில். வேலையை விட்டு ஓடிவந்த இந்தியத் தொழிலாளர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. நீங்களும் விண்ணப்பம் போட்டவர் என்றால், போர் நடத்திய நாட்டின் எண்ணெய்ப் பணம் உங்கள் கைக்கே வந்திருக்கிறது.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா காசு சம்பாதித்தது என்கிறார்களே? – ஆசிரியை, மார்த்தாண்டம்

சம்பாதிக்கவில்லை; வசூல் செய்தது. செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,400 கோடியை சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலானவை தந்தன. எல்லாம் அந்தக் கால டாலர் – எந்த ஆண்டு டாலர் என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள், எத்தனை தடவை சொல்வது! பிறகு 12 ஆண்டுகள் ஈராக் வானத்தில் ரோந்து சுற்றிய செலவை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வென்று கொடுத்த மூத்த புஷ் அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார்.

ரஷ்யப் பொருளாதாரம் போர்க்காலத்திலும் வளர்கிறதே? – கருங்கல் வாசகர்

2023-ல் 3.6 சதவீதம் என்று முதலில் சொன்னார்கள், பிறகு 4.1 என்று திருத்தினார்கள், ஆமாம். டாங்கி ஆலையை விட்டு வெளியே வந்தவுடன் உற்பத்திக் கணக்கில் ஏறிவிடும். மறுவாரம் அது எரிந்தால் கழிக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் அங்கே மத்திய வங்கியின் வட்டி 21 சதவீதம். வெளிநாடுகளில் முடங்கிய கையிருப்பு 30,000 கோடி டாலர்.

அமைதிப்படையை இலங்கைக்கு அனுப்பியதில் நமக்கு என்ன கிடைத்தது? – முன்னாள் படைவீரர், அருமனை

ஐயா, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1987 ஜூலையில் போனது, 1990 மார்ச்சில் திரும்பியது; ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பவில்லை. அங்கிருந்த இயக்கங்களின் ஆயுதங்களைக் களைவது நோக்கம், அது நடக்கவில்லை. மாகாண சபை என்ற ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் நின்றது. வடக்கையும் கிழக்கையும் இணைத்ததை 2006-ல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஓய்வூதிய நிலுவை பற்றி நீங்கள் கேட்டிருப்பதற்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன்.

1971 போருக்காகத் தபாலுக்குக் கூடுதலாக 5 பைசா வாங்கினார்கள் அல்லவா? – பூதப்பாண்டி

போருக்கு இல்லை, அகதிகளுக்கு. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். போர் தொடங்கியது டிசம்பர் 3. அந்த 5 பைசா அஞ்சல்தலை நவம்பரிலேயே கட்டாயமாகிவிட்டது.

குளச்சல் போரில் தோற்றதால்தான் டச்சுக் கம்பெனி அழிந்ததா? – பிளஸ் டூ மாணவர், மண்டைக்காடு

இல்லை தம்பி. 1741-ல் தோற்ற கம்பெனி 1799 வரை இருந்தது; அதை முறித்ததில் 1780-84-ல் பிரிட்டனோடு நடந்த போருக்குப் பங்கு அதிகம். ஆனால் உன் கேள்வி நம் பேச்சுக்குப் பொருந்தும். மிளகைத் தான் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும் என்றுதான் கம்பெனி படையோடு வந்தது. பிடிபட்ட தளபதி டிலனாய் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் கம்பெனி அதே ராஜாவுக்கு ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பார்.

பட்டிமன்றத்தில் "போர் நாட்டுக்கு லாபமே" என்ற அணியில் போட்டுவிட்டார்கள். ஏதாவது குறிப்பு தாருங்கள். – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

மூன்று தருகிறேன். அபினிப் போர்: 1842-ல் பிரிட்டனுக்கு 2.1 கோடி வெள்ளி டாலரும் ஹாங்காங்கும். 1871: பிரான்ஸிடமிருந்து ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க். 1895: சீனாவிடமிருந்து ஜப்பானுக்கு 20 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி. மூன்றிலும் தோற்றவன் கப்பம் கட்டும் நிலையில் இருந்தான், அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எதிரணி விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் ஜெர்மனியில் அந்தப் பணம் பாய்ந்து 1873-ல் பங்குச் சந்தை சரிந்ததைச் சொல்வார்கள். 1905-ல் ரஷ்யாவை வென்ற ஜப்பானுக்கு ஒரு காசு இழப்பீடு கிடைக்காமல் டோக்கியோவில் கலவரம் வெடித்ததையும் எடுப்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்கட்டும். என்னிடம் இல்லை.