கொச்சிச் (மிளகாய்ச்) செடியில் நுனியும் மொட்டும் முறுகி விகாரமாக வளர்வது ஏன்? தீட்டுப் பட்டால் இப்படி ஆகுமா?

கேட்டவர் ஒரு பெண்பிள்ளை என்றே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கொச்சிச் செடிகளின் நுனி முறுகிப் போகிறது, மொட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு விரியாமல் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "ஆரோ தீட்டோடு தொட்டதால்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை வாசித்த பிறகு என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. அது உண்மை இல்லை. செடி முறுகுவதற்குக் காரணங்கள் பல இருக்கின்றன, அவற்றில் உங்கள் கை சேராது.

நான் விவசாய அதிகாரி இல்லை. தம்பலகாமத்தில் வயற்காரர் வீட்டில் பிறந்து, உயர்தரத்தில் உயிரியல் படித்து, இப்போது திருகோணமலை ரவுணில் வேலை பார்க்கிறேன். பட்டம் இல்லாதவள் எதற்குப் பதில் எழுதுகிறாள் என்று யாராவது வரக்கூடும். வரட்டும், பிழை இருந்தால் திருத்தட்டும். ஆனால் எங்கள் வளவில் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் தங்கச்சிக்குத்தான் செடிகளில் ஆசை. கிணற்றடியில் இருந்து பின்வேலி வரைக்கும் பழைய உரப்பைகளில் மண்ணும் மாட்டெருவும் நிரப்பி வரிசையாகக் கொச்சி வைத்திருந்தாள், இடையிடையே தக்காளி. வேலியோரம் ஒரு பாத்தி சோளன். வீட்டு முன்பக்கம் படிக்கட்டின் இரண்டு பக்கமும் இன்னும் சில கொச்சிப் பைகள். விடியவே எழும்பி எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படிக்கப் போவாள்.

பெரும்போக வயலில் களைக்கு மருந்தடித்து முடிந்த நேரம் அது. கொச்சியில் பூச்சி விழுகிறது என்று அப்பா வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தார். அடுத்த கிழமையே பின்பக்கச் செடிகள் உருமாறத் தொடங்கின. அடி இலைகள் வழக்கம்போல அகலமாக, நல்ல பச்சையாக நின்றன. புதிதாக வந்த நுனி இலைகள் மட்டும் நாடா மாதிரி ஒடுங்கி நீண்டிருந்தன. சாதாரணக் கொச்சி இலையில் நரம்பு நடுவிலிருந்து கிளை பிரிந்து போகுமல்லவா, இதில் எல்லா நரம்பும் ஒன்றோடொன்று ஒட்டி நெடுக்காக ஓடின. காம்புகள் கீழ்நோக்கி வளைந்து, தண்டு அங்கங்கே தடித்திருந்தது. மொட்டுகள் குட்டையாக ஒரே இடத்தில் நெருங்கி, இதழ் விரியாமலே பழுத்துக் கொட்டின. தப்பிய ஒன்றிரண்டு காயும் கொக்கி போல் வளைந்தே வந்தது.

அந்த நேரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா, ஆட்கள் இருக்கும்போதே சொன்னா: "குமர்ப்பிள்ளை தீட்டு நாளிலயும் கிணத்தடிக்குப் போய்ச் செடியத் தொட்டா பின்ன எப்பிடி விளங்கும்? கறிவேப்பிலையும் பட்டுத்தானே போச்சு." தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளில் இருந்து பின்பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். அம்மாதான் குளித்துவிட்டு வந்து தண்ணீர் ஊற்றினா. எனக்கு இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது விஷயம் தெரிந்தது. பின்பக்கம் போய் ஒவ்வொரு பையாகப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது சோளன். முறுகிய கொச்சிக்கும் முறுகிய தக்காளிக்கும் பக்கத்திலேயே நின்ற சோளன் கண்டுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. தீட்டு கொச்சியைப் பிடிக்கும், தக்காளியைப் பிடிக்கும், சோளனை விட்டுவிடுமா? அடுத்தது, கிணற்றடிப் பக்கத்துச் செடிகள்தான் மோசமாக முறுகியிருந்தன. வேலியை நோக்கிப் போகப் போக முறுகல் குறைந்தது. கடைசியாக, முன்பக்கத்துக் கொச்சிப் பைகளைப் பார்த்தேன். அதே விதை, அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர், ஊற்றியதும் அதே தங்கச்சியின் கை. அவை நேராக நின்று பூத்துக்கொண்டிருந்தன. முன்பக்கத்துக்கு அப்பா கரைசல் அடிக்கவில்லை.

மருந்தடித்த மெசின் யாருடையது என்று கேட்டேன். சொந்தக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அவர் அதற்கு முன்பு வயலுக்கு எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி அடித்திருக்கிறார். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற அந்த மருந்து மணம் அப்போதும் இருந்தது. அவரைக் கேட்டதற்கு, "தண்ணி விட்டுக் குலுக்கி ஊத்தித்தானே தந்தனான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம்முடைய ஊரில் எல்லோரும் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

எம்.சி.பி.ஏ., 2,4-டி இரண்டும் ஒரே குடும்பத்துக் களைநாசினிகள். செடி தானே சுரக்கும் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனைப் போலவே இவை வேலை செய்யும். அகன்ற இலைச் செடிக்குள் போனால் நுனி கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, முறுகி, தடித்து, பூ அமைப்பே குழம்பிவிடும். நெல்லும் சோளனும் புல்லினம், அவை தாங்கிக்கொள்ளும். அதனால்தான் வயலில் நெல் நிற்கக் களை மட்டும் சாகிறது. கொச்சி, தக்காளி, திராட்சை, பருத்தி போன்றவற்றுக்கு இதன் மிகச் சிறிய அளவே போதும், இரவல் மெசினின் குழாயில் தங்கிய மிச்சம் கூடச் சேதம் செய்யும். மிச்சம் முதலில் அடித்த செடிகளுக்குத்தான் அதிகம் போயிருக்கும். அப்பா தொடங்கியது கிணற்றடியில் இருந்து.

வாயால் சொன்னால் பெரியம்மா நம்பமாட்டா என்று தெரியும். இரண்டு யோகட் கப்பில் பயறு முளைக்கவைத்தோம். ஒன்றுக்கு அந்த மெசினில் தண்ணீர் விட்டுக் குலுக்கி அடித்தோம், மற்றதுக்குக் கிணற்றுத் தண்ணீரை வேறு போத்தலால் தெளித்தோம். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றியது தங்கச்சிதான், நான் வேண்டுமென்றே அவளிடம் கொடுத்தேன். சில நாளில் மெசின் தண்ணீர் பட்ட பயறு தண்டு சுருண்டு மண்ணில் படுத்தது. மற்றது நிமிர்ந்து இலை விட்டது. பெரியம்மா பார்த்தா. "அதுக்கு நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் போனா. ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. பட்டுப்போன கறிவேப்பிலையின் பழி இன்னும் தங்கச்சி மேல்தான்.

"பெரியோர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற வைத்தியர், மாதவிடாய் நாளில் பெண் தொட்ட பூ வாடியதாக எழுதினார். அந்த நாளில் பெண்ணின் உடலில் ஒரு நஞ்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம், அதற்கு மெனோடொக்சின் என்று பின்னால் ஒரு பெயரும் வந்தது. தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) நோய்க்கான ஷிக் பரிசோதனையைக் கண்டுபிடித்த அதே ஆள்தான், சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு நஞ்சு இருப்பதாக இன்றுவரை நிரூபணமாகவில்லை. உங்களிடம் யாராவது இதைக் காட்டினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். உங்களுக்கும் களைநாசினிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இலை விளிம்பு மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல் இருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு, இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுங்கினால் சிற்றுண்ணி. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் காட்டும் ஒரு வில்லை வேண்டும். இலை மஞ்சளாகி, நரம்பு தடித்து, செடி வளராமல் குறுகி நின்றால், இலையின் அடியில் வெண் ஈ இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். அது இலைச்சுருள் வைரசைக் கொண்டுவரும். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டும்.

பூவே இலையாக மாறுவது இன்னொரு வகை. நித்தியகல்யாணியில் இதழ்கள் பச்சையாகி, பூ வரவேண்டிய இடத்தில் சின்ன இலைக்கொத்து வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எள்ளிலும் கத்தரியிலும் வரும். பைற்றோபிளாஸ்மா என்ற கிருமியின் வேலை அது, இலைத்தத்திகள் பரப்புகின்றன. அதையும் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் தண்டு தட்டையாகி விசிறி போல் அகன்றால் அநேகமாகப் பயப்பட ஒன்றும் இல்லை. வளர்நுனி ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டுவிடுவதால் அப்படி ஆகிறது. கோயிலுக்கு வைக்கிற கோழிக்கொண்டைப் பூ முழுக்க அப்படி வந்ததுதான், அங்கே அது விதையோடே தொடர்கிறது.

ரவுண் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கோட்டைப் பக்கத்து மான்கள் வளவுக்குள் வந்து நுனியைக் கடித்துவிட்டால் பக்கக் கிளைகள் ஒரேயடியாகக் கிளம்பிச் செடி பற்றையாகும். அது நோய் இல்லை, நுனி போனதும் கீழ் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன.

களைநாசினி பட்டதுதான் என்றால் உடனே பிடுங்காதீர்கள். கொஞ்சமாகப் பட்டிருந்தால் புதுத் தளிர் சில கிழமையில் நேராக வரும். எங்கள் செடிகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. முறுகிய நுனியை வெட்டிவிட்டோம், முறுகிய காய்களைச் சமைக்கவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கென்று சின்னத் தெளிகருவி ஒன்று தனியாக வாங்கி, களைநாசினியை அதற்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். வெறும் தண்ணீரில் இந்த மருந்து முழுதாகக் கழுவுப்படாது, அமோனியாக் கரைசல் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். அப்படிச் செய்தாலும் நான் இரவல் வாங்கமாட்டேன்.

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுக்கலாம். இங்கே எழுதுவதென்றால், அருகில் வயல் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, கடைசியாக என்ன அடித்தீர்கள், பக்கத்தில் நிற்கும் சோளனோ புல்லோ எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். நுனியை மேலிருந்தும் இலையை அடிப்பக்கமாகவும் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் தண்ணீரை நீங்களே ஊற்றுங்கள், எந்த நாளிலும்.