வாடகை வீட்டு கேஸ் சோதனை: லண்டன் வீட்டுக்காரர்களும் குடியிருப்பவர்களும் கேட்டவை

லண்டனில் பல வருடமாக கேஸ் எஞ்சினியராக இருக்கிறேன். கேஸ் வேலை செய்ய இங்கே கட்டாயமான பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றவன். குளிர் தொடங்கப் போகிறது என்றாலே நம்மவர்களிடமிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிடும். வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் கேட்கிறார்கள், வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்தை வைத்து. கேஸ் சோதனை விதி ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும், ஆனால் அலாரம், வாடகை ஒப்பந்தம் பற்றிய சட்டங்கள் அங்கே வேறு.

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பாய்லருக்கு மார்ச்சில் சர்வீஸ் செய்து பில்லும் வைத்திருக்கிறேன். தனியாக கேஸ் சர்டிபிகேட்டும் எடுக்க வேண்டுமா, அண்ணா?

எடுக்க வேண்டும். சர்வீஸ் வேறு, பாதுகாப்புச் சோதனை வேறு. 1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளில் 36-வது விதி வீட்டுக்காரருக்கு இரண்டு கடமைகளைச் சொல்கிறது. கேஸ் சாதனம், புகைக்குழாய், கேஸ் பைப் எல்லாவற்றையும் பழுதில்லாமல் பராமரிக்க வேண்டும். அதோடு சாதனங்களையும் புகைக்குழாய்களையும் 12 மாதத்துக்கு ஒரு முறை பதிவு பெற்ற எஞ்சினியரை வைத்துச் சோதிக்க வேண்டும். சர்வீஸ் முதல் கடமையில் ஒரு பகுதி. இரண்டாவதற்கு அது ஈடாகாது. ஒரே நாளில் ஒரே ஆளை வைத்து இரண்டையும் முடித்துக்கொள்ளலாம், செலவும் குறையும்.

சோதனையில் என்ன செய்கிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை. நான் முதலில் மீட்டர் பக்கம் போய் அழுத்தமானியை மாட்டி, பைப்பில் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பேன். பிறகு சாதனம் எரியும்போது கேஸ் சரியான அழுத்தத்தில் வருகிறதா, எரிவதற்கு வேண்டிய காற்று கிடைக்கிறதா, புகை முழுவதும் வெளியே போகிறதா, ஏதாவது கோளாறு வந்தால் சாதனம் தானாக நின்றுவிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒரு பாய்லரும் ஒரு கேஸ் அடுப்பும் (ஹாப்) உள்ள வீட்டுக்கே எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் காகிதத்தை நீட்டிவிட்டுப் போகிறவரிடம் 'மீட்டரைப் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள்.

கேள்வி: 'சிபி12' என்பதும் 'கேஸ் சேஃப்டி ரெக்கார்ட்' என்பதும் ஒன்றா?

ஒன்றுதான், சோதனை முடிந்ததும் நாங்கள் தரும் காகிதம். கேஸ் சர்டிபிகேட் என்று சொல்வதும் இதைத்தான். 2009 ஏப்ரல் வரை பதிவு நடத்தியது கோர்கி என்ற அமைப்பு. 'கோர்கி புரோஃபார்மா 12' என்ற அவர்களுடைய படிவத்தின் சுருக்கம்தான் சிபி12. கோர்கி போய் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் வந்த பிறகும் பழைய பேர் வாயில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: என்னுடைய சோதனை தேதி அக்டோபர் 15. முன்கூட்டியே ஆகஸ்டில் செய்தால் ஒவ்வொரு வருடமும் தேதி முன்னால் வந்துகொண்டே இருக்காதா?

2018 ஏப்ரலுக்கு முன் அப்படித்தான் ஆனது. இப்போது காருக்கு வருடா வருடம் எடுக்கும் எம்ஓடி சோதனை போல. கடைசி இரண்டு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 15-க்கும் நடுவில் செய்துவிட்டால், அடுத்த வருடக் கெடு அதே அக்டோபர் 15-ஆகவே இருக்கும். ஜூலையில் செய்தால் அந்தச் சலுகை கிடையாது, புதுத் தேதியிலிருந்துதான் கணக்கு. பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். இந்தச் சலுகையைப் பயன்படுத்தினால், அடுத்த இரண்டு சோதனைகள் முடியும் வரை வைத்திருக்க வேண்டும்.

நகல் கொடுப்பதிலும் கவனம் தேவை. ஏற்கெனவே குடியிருப்பவருக்கு, சோதனை நடந்த 28 நாளுக்குள். புதிதாக வருபவருக்கு, அவர் குடிவரும் முன்.

கேள்வி: வீட்டில் நாங்கள் இருக்கிறோம். முன் ஹாலை மட்டும் ஒரு மாணவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, தெரிந்த பையன்தான். எங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா?

உண்டு, அக்கா. பணம் வாங்கிக்கொண்டு தங்க வைத்தால், முழு வீடோ ஒரு அறையோ, எழுதியதோ வாய்ப்பேச்சோ, விதி ஒன்றுதான்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னைப் பயமுறுத்துவது 'முன் ஹால்' என்ற வார்த்தை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கே பழைய வீடுகளில் முன் ஹாலில்தான் கேஸ் ஃபயர், அதாவது குளிர்காயச் சுவரோடு பொருத்திய கேஸ் கணப்பு, இருக்கும். சில வீடுகளில் அதன் பின்னால் புகைபோக்கிக்குள்ளேயே பாய்லர் ஒளிந்திருக்கும். இவை அறைக்குள் இருக்கும் காற்றை எடுத்து எரிபவை. மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டிவி பார்க்கும் இடம் என்று நினைத்து வைத்தவை. அதே ஹாலில் ஒரு கட்டிலைப் போட்டு கதவைச் சாத்தினால், எட்டு மணி நேரம் ஒருவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார். புகை சரியாக வெளியேறாவிட்டால் அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் கலந்திருக்கும். தூங்குகிறவருக்குத் தலைவலி வந்தாலும் தெரியாது. அதனால்தான் படுக்கும் அறைக்குத் தனி விதி இருக்கிறது. 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கேஸ் ஹீட்டர் அங்கே இருந்தால், அது வெளிக்காற்றை நேரடியாக எடுத்து வெளியிலேயே புகையை விடும் மூடிய வகையாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது என்றால் மூடிய வகையாகவோ, அறைக் காற்று கெட்டால் தானாக அணையும் கருவி உள்ளதாகவோ இருக்க வேண்டும். ஹாலைப் படுக்கையறை ஆக்கிய அன்றே இந்த விதி உங்கள் மேல் வந்துவிடுகிறது.

சில வருடத்துக்கு முன் தெற்கு லண்டனில் ஒரு வீட்டுக்குச் சோதனைக்குப் போனேன். முன் ஹாலில் ஒரு பையன், ஊரிலிருந்து படிக்க வந்தவன். குளிர் தாங்காமல் சுவரில் இருந்த காற்றுத் துளையைச் செய்தித்தாளால் அடைத்து மேலே டேப் ஒட்டியிருந்தான். கேஸ் ஃபயரை எரியவிட்டு, புகை விடும் தீக்குச்சியைப் பக்கத்தில் காட்டினேன். புகை மேலே போகவில்லை, அறைக்குள் திரும்பி வந்தது. புகைபோக்கி முழுக்கப் பறவைக்கூடு. 'காலையில் தலை வலிக்கிறதா தம்பி?' என்றேன். 'தினமும் வலிக்கும் அண்ணா, பரீட்சை டென்ஷன் என்று நினைத்தேன்' என்றான். அன்றே அந்த இணைப்பைத் துண்டித்தேன். அந்த வீட்டில் அதற்கு முந்தைய வருடம் சோதனையே நடக்கவில்லை.

அக்கா, அந்த ஹாலில் கேஸ் ஃபயர் இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். எஞ்சினியர் வந்து பார்க்கும் வரை ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: குடியிருப்பவர் கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். கெடு முடிகிறது. என்னிடம் இருக்கும் சாவியால் திறந்து எஞ்சினியரை உள்ளே விடலாமா?

வேண்டாம். வாடகைக்கு விட்ட பிறகு அது அவர் வீடு. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லுங்கள். ஏன் வருகிறோம், இது அவருடைய உயிருக்காக என்பதையும் எழுதுங்கள். அவருக்கு வசதியான நேரத்தைக் கேளுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர் காலை பத்து மணிக்குத் திறக்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மூன்று முறையாவது முயன்று, ஒவ்வொன்றுக்கும் கடிதம், மெசேஜ், எஞ்சினியர் வந்து திரும்பிய குறிப்பு எல்லாம் சேர்த்து வையுங்கள். நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால் சட்டம் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்காது. அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்ற உத்தரவு வாங்கலாம்.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவள். இரண்டு வருடமாக வீட்டுக்காரர் எந்தக் காகிதமும் தரவில்லை. கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எனக்குத் தெரியும், தங்கச்சி. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் வாய் திறக்காமல்தான் இருந்தேன். முதலில் ஒரு சின்ன மெசேஜ் போடுங்கள்: 'இந்த வருட கேஸ் சேஃப்டி ரெக்கார்ட் நகல் அனுப்ப முடியுமா?' சண்டை போடும் தொனி வேண்டாம். பலர் மறந்திருப்பார்கள், உடனே செய்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால், சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்திடம் (ஹெச்எஸ்இ) இதற்கென்றே புகார் செய்யலாம். உங்கள் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவிடமும் சொல்லலாம். சோதனை செய்யாமல் விடுவது கிரிமினல் குற்றம். வரம்பில்லாத அபராதம் உண்டு, சிறையும் உண்டு.

காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல உதவிய பிரிவு 21-ஐ, 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நீக்குகிறது. கேட்டதற்காகத் துரத்திவிடுவார் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: குடியிருப்பவர் தானே வாங்கி வைத்த கேஸ் குக்கருக்கும் நான்தான் பொறுப்பா?

அந்தக் குக்கருக்கு இல்லை. ஆனால் அது வரை போகும் பைப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. குக்கரையும் பார்த்துவிடுங்கள் என்று எஞ்சினியரிடம் சொல்லுங்கள், கொஞ்சம்தான் கூட ஆகும். நியூஹாமில் இருப்பவர்களுக்கு ரோனன் பாயின்ட் நினைவிருக்கும். கேனிங் டவுனில் 22 மாடிக் கட்டடம். 1968 மே 16 காலையில் 18-வது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்ததும் கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குக்கரை பைப்போடு இணைத்த தரமில்லாத பித்தளை நட்டு ஒன்று உடைந்ததே காரணம்.

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் பல வருடம் கேஸ் வேலை பார்த்தவர். பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார்.

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கேஸ் சேஃப் பதிவு இல்லை என்றால் இங்கே கைவைக்கக் கூடாது. அவர் தரும் காகிதமும் செல்லாது. யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கேளுங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம். முன்பக்கம் படமும் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அப்புறம் அட்டையைத் திருப்புங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கம்தான் இருக்கும். பாய்லர் பார்க்கத் தகுதி உள்ளவருக்கு கேஸ் ஃபயர் பார்க்கும் தகுதி இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஹாரோ வீட்டை ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். இனி அவர் பொறுப்புதானே?

வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பு உங்களிடம்தான் இருக்கும். ஏஜென்ட் ஒப்பந்தத்தில் கேஸ் சோதனை யார் வேலை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் காகிதத்தின் நகலை உங்களுக்கு அனுப்பச் சொல்லி, அதில் குறை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நீங்களே படியுங்கள்.

கேள்வி: டிசம்பர் மாதம், சின்னக் குழந்தை இருக்கும் வீடு. வந்த எஞ்சினியர் பாய்லரை நிறுத்தி சிவப்பு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். இது நியாயமா, ஐயா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அவர் அந்தக் குழந்தையை நினைத்துத்தான் செய்திருப்பார். நாங்கள் ஆபத்தை இரண்டாகப் பிரிக்கிறோம். 'உடனடி ஆபத்து' என்றால் இப்போது பயன்படுத்தினாலே உயிருக்குக் கேடு. உங்கள் அனுமதியோடு இணைப்பைத் துண்டிப்போம், மறுத்தால் கேஸ் அவசர சேவையை அழைத்தே தீர வேண்டும். 'அபாயம் இருக்கிறது' என்றால் ஒன்றோ பலவோ கோளாறு சேர்ந்து ஆபத்தாகலாம், அதையும் அணைத்து வைக்கச் சொல்வோம். சரிசெய்யும் வரை குளிர்காய வேறு ஏற்பாடும் வெந்நீரும் கிடைக்கச் செய்வது வீட்டுக்காரரின் வேலை. அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு பாய்லரைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஃபிளாட்டில் பாய்லர் புகைக்குழாய் சீலிங்குக்குள் போகிறது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

2013 ஜனவரியிலிருந்து, மறைந்து போகும் குழாயைப் பார்ப்பதற்கு சீலிங்கில் திறப்பு இருக்க வேண்டும். இல்லை என்றால் பாய்லரை அணைத்து வைக்கச் சொல்வோம். ஒரு கார்பென்டரை வைத்துத் திறப்பு போட்டுவிடுங்கள்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமா? எங்கே மாட்டுவது?

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், நிரந்தரமாகப் பொருத்திய எரிபொருள் சாதனம் உள்ள ஒவ்வொரு வசிக்கும் அறையிலும் வேண்டும். கேஸ் குக்கருக்கு மட்டும் விலக்கு. என்னைக் கேட்டால் குக்கர் மட்டும் இருக்கும் வீட்டிலும் ஒன்று மாட்டுவேன். விதியை மீறினால் கவுன்சில் 5,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். குடிவரும் அன்று அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். பாய்லருக்கு நேர் மேலே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி மாட்டுங்கள். அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் பாருங்கள்.

கேள்வி: கேஸ் வாசம் இல்லை, ஆனால் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் தலைசுற்றல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது. அடுத்த வாரம் சோதனைக்கு ஆள் வருகிறார், அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். கசியும் கேஸுக்கு வாசம் சேர்த்திருக்கிறார்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே போனால் சரியாவது – நீங்கள் சொல்வது அப்படியே அதன் அறிகுறி. நீல நிறத்தில் எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிகிறதா, சாதனத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்றெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா கேஸ் சாதனத்தையும் அணையுங்கள். ஜன்னல், கதவைத் திறங்கள். மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடுங்கள். எல்லோரும் வெளியே வந்து 0800 111 999-க்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். அப்புறம் மருத்துவரிடம் போய் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் சாதாரணக் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிடலாம். உடனே பார்த்தால்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியும். இதைப் படித்து முடித்ததும் முதலில் வெளியே போங்கள், மற்றதை வெளியே நின்று பேசலாம்.